வண்டி நம் பெயரில், சாவி யார் கையில்?



லாரி வைத்திருப்பவனை ஊர் "முதலாளி" என்று கூப்பிடுகிறது. இந்தத் தீவுகளில் ஒற்றை லாரி வைத்திருக்கும் நம்மவர்கள் எப்பேர்ப்பட்ட முதலாளிகள் என்பதை நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். முன்பணத்துக்காகக் கழற்றிக் கொடுத்த நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மாதம் பிறந்தால் ஃபைனான்ஸ்காரனுக்குத் தவணை. அதற்குமேல் இன்சூரன்ஸ், டயர், டீசல், கிளீனர் பையனின் படி. வண்டி ஓட்டுவதும் அவரே, ஆள் கிடைக்காத நாளில் மூட்டை இறக்குவதும் அவரே. இவரா முதலாளி? நான்கு சக்கரத்தையோ ஆறு சக்கரத்தையோ கடனுக்கு வாங்கி உருட்டும் தொழிலாளி என்பதே உண்மை.

அந்தத் தொழிலாளியின் வயிற்றில் புதிதாக ஓர் அடி விழுந்திருக்கிறது. அந்த அடி சாலையிலிருந்தோ வாடகையிலிருந்தோ வரவில்லை, வண்டிக்குள்ளிருந்தே வருகிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். போர்ட் பிளேரில் - 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் நகரத்தில் - சிமெண்ட் ஏற்றிக்கொண்டு ரங்கத்துக்குப் புறப்பட்டேன். ஃபெரார்கஞ்ச் தாண்டியதும் முன் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் இழுவை குறைந்தது. ஏற்றத்தில் வண்டி கிழட்டு மாடு போல ஊர்ந்தது. ஜிர்காடாங் கான்வாயில் சேர முடியாமல் திரும்பினேன்.

நமக்குத் தெரிந்த பட்டறைத் தம்பி அரை நாளில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டான். புகைக்குழாய்ப் பக்கம் விரல் நீளத்தில் ஒரு சென்சார். அதற்குப் போகும் கம்பியின் முனை உப்புக் காற்றில் பச்சை பூத்துப் போயிருந்தது. சுரண்டித் துடைத்து, புது முனை வைத்துப் பூட்டினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, வேலை முடிஞ்சுது. ஆனா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது." விளக்கு அணையவில்லை. இழுவை திரும்பவில்லை. கோளாறு நீங்கிவிட்டது என்று வண்டியின் மூளைக்குச் சொல்ல ஒரு கணினி வேண்டும். அந்தக் கணினிக்குள் போகக் கம்பெனி கொடுக்கும் ரகசியச் சொல் வேண்டும். அதை வைத்திருக்கும் ஆள் சென்னையிலிருந்து வரவேண்டும். பதினோரு நாள் வண்டி நின்றது. வந்தவர் கம்பியைச் சொருகினார், நான்கு தட்டுத் தட்டினார், விளக்கு அணைந்தது. பில் வந்தது. அந்த மாதத் தவணைக்கு அபராத வட்டியும் வந்தது.

தோழர்களே, வேலையைச் செய்தவன் நம் தம்பி. காசு வாங்கியது பூட்டு!

சுத்தக் காற்றுக்கு நாம் எதிரியா?

"இவர்களுக்குப் புகை கக்கும் பழைய வண்டிதான் பிடிக்கும், முன்னேற்றம் பிடிக்காது" என்று ஒரு கூட்டம் உடனே கிளம்பும். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. நாலாம் கட்டத்திலிருந்து ஐந்தைத் தாண்டி ஒரே தாவலாக ஆறுக்குப் போனார்கள். பெரிய டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணி நேர வேலைக்கு விடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு நஞ்சின் வரம்பு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராமாக இறங்கியது. டீசலில் கந்தகம் 10 லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. நல்லது. வரவேற்கிறோம். அந்தப் புகையை முதலில் சுவாசித்தவர்களே டிரைவரும் கிளீனரும் பட்டறைப் பையனும்தான். நம் பிள்ளைகளின் நெஞ்சு கரி பிடிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

இந்தச் சுத்தம் எப்படி நடக்கிறது? புகைக் கரியை ஒரு வடிகட்டி பிடித்து வைக்கிறது. நைட்ரஜன் நஞ்சின் மேல் யூரியா கலந்த தண்ணீரைத் தெளித்து அதை முறிக்கிறார்கள். நாம் "டெஃப்" என்றும் "ஆட் புளூ" என்றும் கேன் கேனாக வாங்கி ஊற்றுவது இதைத்தான். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். இவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று சென்சார்கள் காவல் இருக்கின்றன. டெஃப் தீர்ந்தாலோ சென்சார் கெட்டாலோ கணினி எஞ்சினின் இழுவையைக் குறைக்கும். பிறகு வண்டியை ஊரும் வேகத்துக்கு இறக்கிவிடும். யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதிலும் நியாயம் உண்டு.

காவல் இருக்கட்டும். ஆனால் கோளாறைச் சரிசெய்த பிறகும் விடுதலை கொடுக்கும் சாவி ஏன் கம்பெனியிடம் மட்டும் இருக்கவேண்டும்? சுத்தக் காற்றுக்கும் இந்தப் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்? ரகசியச் சொல்லை நம் தம்பிக்குக் கொடுத்தால் வானம் கறுத்துவிடுமா?

கடலுக்கு இந்தப் பக்கம்

நாமக்கல்லில் வண்டி நின்றால் அடுத்த தெருவில் இல்லாத பாகம் அதற்கடுத்த தெருவில் கிடைக்கும். நமக்கும் சென்னைக்கும் நடுவே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பல் தினமும் இல்லை, புறப்பட்டால் ஏறத்தாழ 60 மணி நேரம். விரல் நீளச் சென்சாருக்கும் அதே கடல்தான்.

நம் பாதையையும் பாருங்கள். ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காடு. குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் போகவேண்டும். வேகம் கூட்டக்கூடாது, முந்தக்கூடாது, நடுவில் நிற்கக்கூடாது. அது அவர்களின் மண். அந்தக் கட்டுப்பாடு சரியே, அதை மதிக்கிறோம். ஆனால் அந்தக் காட்டின் நடுவில் வண்டியே தன் இழுவையைக் குறைத்துக்கொண்டால் டிரைவர் என்ன செய்வார்? கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வண்டி நெடுந்தூரம் சூடாக ஓடவேண்டும். நம் வண்டியோ கான்வாயில் ஊர்கிறது, படகுத்துறையில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கிறது, பத்து கிலோமீட்டர் நடையாக ஊருக்குள் சுற்றுகிறது. வடிகட்டி அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? பெருநாட்டு நெடுஞ்சாலையை மனத்தில் வைத்துச் செய்த வண்டியைத் தீவுக்கு அனுப்பினார்கள். அதைப் பராமரிக்கும் அறிவை மட்டும் அனுப்பவில்லை.

டெஃப் விஷயத்திலும் இதே ஆபத்து உண்டு. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியது. நவம்பரில் தென்கொரியாவின் லாரிகள் டெஃப் இல்லாமல் தவித்தன. கப்பலும் காரும் கட்டி உலகுக்கு விற்கும் அந்த நாடே ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி யூரியாக் கரைசலை ஏற்றி வந்தது. கொரியாவுக்கே அந்தக் கதி என்றால், கப்பல் தவறினால் டிக்லிபூர் லாரிக்காரர் எங்கே போவார்? லாரி நின்றால் நிற்பது அவருடைய பிழைப்பு மட்டுமா? அரிசி, சிமெண்ட், மருந்து, திரும்பும் நடையில் பாக்கு, கொப்பரை, எல்லாமே நிற்கும். விலை ஏறுவது நம் ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும்தான்.

அறிவைப் பூட்டி வைத்தவர்கள்

இது நாம் கட்டிய கதை இல்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தடையின்றிக் கிடைக்கவிடவில்லை என்பதுதான் குற்றம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. கார்க்காரர்கள் விஷயத்தில் ஆணையமே கண்டு சொன்ன வியாதியை லாரியில் நாம் அனுபவிக்கிறோம்.

வெளிநாட்டில் என்ன நடந்தது? பாரத் ஸ்டேஜ் 6-க்கு முன்மாதிரி ஐரோப்பாவின் யூரோ 6. லாரிகளுக்கு அந்த வரம்பை விதித்த 2009-ம் ஆண்டுச் சட்டமே, பழுது பார்க்கும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் தடையின்றிக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்குப் போட்டே மோட்டார் வண்டி பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். திறக்கட்டும். ஆனால் புகை வரம்பு கிராம் கணக்கில் நம் வண்டிக்குள் வந்துவிட்டது. பழுது பார்க்கும் உரிமை நம் பட்டறை வாசல்வரை வந்ததா?

பழைய வண்டியை வைத்தே ஓட்டலாம் என்றால் அதற்கும் வழி அடைக்கிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல், 15 வயது கடந்த கனரக லாரியின் தகுதிச் சான்றுக் கட்டணத்தை 12,500 ரூபாயாக உயர்த்தினார்கள். 2025-ல் கட்டணங்களை மறுபடியும் மாற்றி, முதிர்ந்த லாரிகளுக்கு இன்னும் ஏற்றினார்கள். பழையதை வைத்திருந்தால் தண்டம், புதியதை வாங்கினால் பூட்டு. ஏழை எந்தப் பக்கம் திரும்புவது?

"காலம் மாறிவிட்டது, பட்டறைக்காரனுக்கு இது புரியாது" என்று உபதேசம் செய்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1980-களில் ஜப்பானியக் கூட்டோடு நான்கு சிறு லாரிகள் வந்தன: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. நல்ல வண்டிகள்தான். ஆனால் யென் மதிப்பு ஏறியதும் அங்கிருந்து வரவேண்டிய பாகங்களின் விலையும் ஏறியது. 1986-ல் வந்த டாடா 407 அவற்றை முந்தி நின்றது. மூலைமுடுக்குப் பட்டறைக்கும் கைவந்த வண்டி அது. மைக்கோ பம்பைக் காதால் கேட்டே கோளாறு சொன்ன மேஸ்திரிகள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? அவர்களின் மகன்கள் இன்று மடிக்கணினியைத் திறக்க மாட்டார்களா? புரியாது என்பது பொய். கொடுக்கமாட்டோம் என்பதே மெய்.

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்த குடும்பங்களின் பெரியவர்களுக்கு "துண்டு" என்ற சொல் நினைவிருக்கும். தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிய சீட்டு அது. அந்தக் கணக்கு தீராமல் அவன் இன்னொரு தோட்டத்துக்குப் போகமுடியாது. கால் அவனுடையது, நடக்க அனுமதி கங்காணியுடையது. 1921-ல் அந்த முறையை ஒழித்தார்கள். நூறு வருஷம் கழித்து நம் லாரியின் முன் பலகையில் எரியும் விளக்கு வேறென்ன? வண்டி நம்முடையது, நகர அனுமதி கம்பெனியுடையது. இதுவும் துண்டுதான்!

நம் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை

ஊரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. டெஃப் ஊற்றாமலே ஊற்றியதாகக் கணினியை ஏமாற்றும் திருட்டுப் பெட்டிகளை நம்மில் சிலர் மாட்டுகிறார்கள். அது குற்றம். அந்த நஞ்சு நம் குழந்தைகளின் மூச்சில்தான் போகிறது. "இவர்களிடம் சாவி கொடுத்தால் இதைத்தான் செய்வார்கள்" என்று கம்பெனிக்கு வாதத்தையும் நாமே எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பெட்டியை மாட்டியவர் இன்றே கழற்றட்டும்.

இன்னொன்று. பட்டறைப் பையனை "டேய்" என்று விரட்டி, டீ வாங்கிவர அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். நாளை நம் வண்டியைக் காப்பாற்றப் போகிறவன் அவன்தான். அவன் படிக்கச் சங்கம் செலவு செய்யட்டும். வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் இந்த வேலை வரும். ஸ்பேனரோடு கணினியும் சேர்ந்த வேலையில் ஆண் என்ன, பெண் என்ன?

நாம் கேட்பது

ஒன்று: இந்தத் தீவுகளில் லாரி விற்கும் ஒவ்வொரு கம்பெனியும், கோளாறு பார்க்கும் கருவியையும் அதன் அனுமதியையும் நியாய விலைக்கு வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்கவேண்டும்.

இரண்டு: சென்சார், வடிகட்டி, டெஃப் ஆகியவற்றின் கையிருப்பு போர்ட் பிளேரில் மட்டுமல்ல, ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூரிலும் இருக்கவேண்டும்.

மூன்று: தீவின் ஐ.டி.ஐ.யில் பட்டறைத் தொழிலாளிகளுக்கு மாலை வகுப்பு வேண்டும், தமிழ், வங்காளம், இந்தி எல்லாவற்றிலும்.

நான்கு: பாகம் வராததால் வண்டி நிற்கும் நாட்களுக்குத் தவணையில் அபராத வட்டி போடக்கூடாது.

நமக்குச் சட்டமன்றம் இல்லை. இருப்பது ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும், துணைநிலை ஆளுநரின் நிர்வாகமும். தமிழர் நாம் இங்கே ஏறத்தாழ 15 சதவீதம்தான். தனியாகக் கத்தினால் கடல் சத்தத்தில் கரைந்துபோகும். வங்காளி டிரைவரும் தெலுங்கு மெக்கானிக்கும் ராஞ்சியிலிருந்து வந்த சுமை தூக்கும் தோழரும் இதே பூட்டில்தான் மாட்டியிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கேட்போம். வண்டி நின்ற தேதி, காரணம், வராத பாகம், கட்டிய பில், இத்தனையையும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். கண்ணீரை அதிகாரி தள்ளிவிடலாம், கணக்கைத் தள்ளமுடியாது.

கடன் நம்முடையது. உழைப்பு நம்முடையது. சாவியும் நம்முடையதாகவேண்டும்!