குடோனுக்குத் தாய் யார்?

மதுரைப் பழங்காநத்தத்தில் ஒரு ஷட்டருக்கு முன்னால் குட்டியானை வண்டி நிற்கிறது. லோடுமேன் தோளில் மூட்டை. பெட்டிக்கடைப் பக்கம் பார்த்து, "அண்ணே, குடோன் சாவி யார்ட்ட இருக்கு?" என்று குரல் கொடுக்கிறார். ஷட்டருக்கு மேலேயும் 'குடோன்' என்றுதான் எழுதியிருக்கிறது. அரசாங்கப் பலகையிலோ 'சேமிப்புக் கிடங்கு'. முன்னது ஆங்கிலம், பின்னது அதற்குப் புலவர்கள் உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்பு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். விஷயம் தலைகீழ்.

சரக்கைக் கீழே இறக்கி வைப்பதால் 'கோ டவுன்' என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. கேட்கச் சுவையாக இருக்கும், அவ்வளவுதான். ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எடுத்தது கீழைக் கடல் வணிகத்திலிருந்து. மலாயில் அது 'குடாங்'. இந்தோனேசியாவில் இன்றும் கிடங்குக்கு அதே பெயர். மலாய்க்கு அது தென்னிந்தியாவிலிருந்து, தமிழ்க் 'கிடங்கு' அல்லது தெலுங்குக் 'கிட்டங்கி' வழியாகப் போயிருக்கலாம் என்பது 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியின் கருத்து. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இரண்டில் எது மூலம் என்பதில் வழக்கு உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

கிடங்குக்கு நம்மூரில் இன்னும் பழைய பொருள் ஒன்று இருக்கிறது: அகழி. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரை நகரின் அகழியைக் கிடங்கு என்றே சொல்கிறார். ஊரைக் காத்த பள்ளமும் சரக்கைக் காக்கும் அறையும் எப்படி ஒரே பெயரைப் பெற்றன? கொங்குப் பக்கம் சோளத்தைக் குழியில் கொட்டி மூடிவைத்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு இதில் வியப்பில்லை.

மதுரைக் கோட்டை அகழி 1840-களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் தூர்க்கப்பட்டது. அந்த வேலையில் இருந்த இருவரின் பெயரைத்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் சுமக்கின்றன. கீழமாரட் வீதியில் பிறகு வெங்காய மண்டிகள் வந்தன. ஒரு கிடங்கு போன பக்கத்தில் இன்னொரு கிடங்கு!

குடோன் என்று தாராளமாக எழுதுங்கள், அதில் குற்றமில்லை. கிடங்கை மட்டும் அதன் மொழிபெயர்ப்பு என்று சொல்லாதீர்கள்.