அடிவரியில் என் பெயர் மட்டும்

தேர்தல் போஸ்டரின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும். தலைவர் படத்தைப் பார்க்கிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. அச்சிட்டவர் பெயர், ஊர். வெளியிடுபவர் பெயர், ஊர். சிவகாசியில் இருபத்தாறு வருடமாகச் சின்ன ஆப்செட் ஓட்டும் என் பெயர் அந்த வரியில்தான் கிடக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு போடச் சொல்கிறது. போடாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளியிடுபவரைத் தெரிந்த இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழி வாங்கி, அச்சடித்த பிரதியோடு கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். சரி, அனுப்புகிறோம்.

காசு கொடுத்தவர் பெயர் எங்கே ஐயா?

போன தேர்தலில் என்னிடம் அடித்தது இருபதாயிரம் போஸ்டர். பில் போட்டது இரண்டாயிரம் போஸ்டருக்கு. "அண்ணாச்சி, மிச்சத்தை ரொக்கமா வாங்கிக்கிடுங்க. எங்க கணக்குல ஏறக்கூடாது." வெளியிடுபவர் என்று ஒரு டிரைவர் பையன் கையெழுத்துப் போட்டான். முன்பணம் கொண்டு வந்தவர் வேட்பாளரும் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. ஏதோ ஒரு காண்டிராக்டரின் ஆள். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மெஷின் தவணை நெருக்கியது, தலையாட்டினேன். என் தப்பை மறைக்கவில்லை. ஓட்டு எண்ணி முடிந்தது, பாக்கி வரவில்லை. பில்லே இல்லாத பாக்கியை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பேன்?

அந்தப் போஸ்டர் ஓடிய அதே வாரம் சனிக்கிழமை. என் மைத்துனர் ஒரு பட்டாசு ஆலையில் கணக்குப்பிள்ளை. வாரக்கூலிப் பணம் 80,000 ரூபாயோடு போனவரைப் பறக்கும் படை மறித்தது. 50,000க்கு மேல் ரொக்கம், கையில் சீட்டு இல்லை. பறிமுதல். மருந்துக் கையைக் கழுவிவிட்டுக் கூலிக்குக் காத்து நின்ற பெண்கள் வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள். வியர்வைக் காசை மறிக்கத் தெரிந்த ஜீப்புக்கு, என் அச்சகத்துக்கு மூட்டையில் வந்த காசு கண்ணில் படவில்லையே!

வேட்பாளருக்காக வேறொருவர் இப்படிப் பணம் கொடுப்பது குற்றமே இல்லையா? குற்றம்தான். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவர் ஜெயிப்பதற்காகக் கூட்டம், விளம்பரம், நோட்டீஸ் என்று செலவழிப்பதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 171எச் பிரிவே குற்றம் என்றது. தண்டனை, 500 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதை 10,000 ஆக்கியது. தேர்தல் கணக்கு எழுதாமல் விட்டால் 5,000. சிறை என்ற பேச்சே இல்லை. பெயர் போடாமல் அச்சடித்தவனுக்குச் சிறை. பெயர் சொல்லாமல் பணம் கொடுத்தவருக்கு அபராதம். தராசைப் பிடித்தது யார் கை?

சட்டசபை வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாதாம். கட்சி செய்யும் பொதுப் பிரசாரத்துக்கு உச்சவரம்பே கிடையாது. கட்சி வாங்கும் நன்கொடையிலும் 20,000 ரூபாயைத் தாண்டினால்தான் தேர்தல் ஆணையத்துக்குப் பெயர் சொல்ல வேண்டும். 2009 இடைத்தேர்தலில் ஓட்டுக்குக் காசு கொடுக்கும் 'ஃபார்முலா'வுக்குப் பெயர் கொடுத்த திருமங்கலமும் எங்கள் விருதுநகர் எம்.பி. தொகுதிக்குள்தான் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு இங்கே யாரும் இப்போது கூசுவதுகூட இல்லை.

டெல்லி இன்னும் ஒரு படி மேலே போனது. 2018இல் கொண்டுவந்த தேர்தல் பத்திரத்தில், கொடுத்தவர் பெயரை ஓட்டுப் போடுகிறவன் அறியக் கூடாது என்பதே ஏற்பாடு. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். பட்டியல் வெளியே வந்தது. அதிகம் பெற்ற கட்சி பா.ஜ.க. அதிகம் கொடுத்தது கோவை லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி, அதில் தி.மு.க.வுக்கு 500 கோடிக்கு மேல். சிறப்புப் புலனாய்வு கேட்ட மனுக்களை அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் தள்ளியது. பத்திரத்தை மாற்றிக் கட்சிகள் எடுத்த பணம் கட்சிகளிடமே நின்றது.

சட்டம் செய்கிறவர்களே, அந்த அடிவரியில் இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருக்கிறது. ஆறு பாயிண்ட் எழுத்து போதும். பணம் கொடுத்தவர் பெயரையும் போட வேண்டும், மறைத்தால் எனக்குச் சொன்ன அதே ஆறு மாதம் அவருக்கும் என்று எழுதுங்கள். அதுவரை அச்சிட்டவன் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.