மார்கழி மழையும் மணக்கும் இஞ்சித் தண்ணீரும்



தீபாவளிக்குச் சுட்ட முறுக்குத் தகரம் இப்போதுதான் காலியாகியிருக்கும். எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்தால், அதற்குள் டிசம்பர் மாதம் வாசலில் வந்து நிற்கிறது. வெளியே வடகிழக்குப் பருவமழை. உள்ளே, "தின்ன என்னம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடக்கும் பிள்ளைகள்!

குளிர்நாடுகளில் இந்த மாதம் பனி கொட்டும். நமக்கு மழைதான் குளிர்காலம். ஆனால், பண்டிகைக்கு மட்டும் குறைவில்லை. டிசம்பர் 22ஆம் தேதியை ஒட்டிச் சீனர் வீடுகளில் குளிர்காலத் திருநாள்; 25ஆம் தேதி கிறிஸ்துமஸ்; அடுத்த வாரமே புத்தாண்டு. கோயிலில் மார்கழி பூசை. அது முடிந்தால் பொங்கல்.

சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். "என் மூத்த மருமகள் வேதக்காரப் பெண். அவள் ஆசைக்காக இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விருந்து நம் வீட்டில்தான். நாற்பது பேர் வருவார்கள். என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். மார்கழியில் கவிச்சியும் தொடமாட்டார். பக்கத்து வீட்டு மாக்சிக் குடும்பமும் வரும். எல்லாருக்கும் ஒத்துப்போகிற மாதிரி என்ன செய்யலாம்? இன்னொன்று. என் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் போத்தலோடு வந்துவிடுவார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது."

சகோதரி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். எங்கள் எதிர் வீட்டு அத்தை வேதக்காரர். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னதாகவே விறகடுப்பின் முன் உட்கார்ந்து அச்சு முறுக்கு சுடுவார். எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். ஓராண்டு, பண்டிகை அன்று மாலை, ஆம்பிளைகள் சம்சு போத்தலோடு உட்கார்ந்தார்கள். பேச்சு முற்றி, கைகலப்பாகி, மேசை கவிழ்ந்தது. மூன்று நாள் உழைப்பு மழைத் தண்ணீரோடு கால்வாயில் மிதந்தது. அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. குனிந்து, நனையாததை மட்டும் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். அந்த முதுகு இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

மறு ஆண்டு அவர் ஒரு காரியம் செய்தார். வாசற்படியிலேயே பெரிய பானை நிறைய இஞ்சித் தண்ணீர் காய்ச்சி வைத்தார். வருகிற ஆம்பிளை யாராக இருந்தாலும், ஒரு கிளாஸ் இஞ்சித் தண்ணீரும் ஒரு தட்டுச் சோறும் கையில் வாங்காமல் உள்ளே போக முடியாது. "வெறும் வயிறும் வெறுங்கையும்தான்டி போத்தலைத் தேடும்" என்றார் என் அம்மாவிடம். எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். இரண்டு பேர் வேலிப்பக்கம் போய்க் குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால், அந்த ஆண்டு மேசை கவிழவில்லை.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். தடுத்துச் சண்டை போடுவதற்கு முன்னால், கையில் கொடுப்பதற்கு ஒன்று தயாராக வையுங்கள்.

இஞ்சித் தண்ணீர் (20 கிளாஸ்)

தண்ணீர் 4 லிட்டர், முற்றிய இஞ்சி 250 கிராம், செராய் 6 தண்டு, பாண்டான் இலை 4, குலா மலாக்கா 250 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

இஞ்சியைத் தோல் சுரண்டி, நசுக்கிப் போடுங்கள். செராயின் அடித்தண்டைத் தட்டிப் போடுங்கள். பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுச் சேர்த்து, மூடிவைத்து இருபது நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். இந்தக் கட்டத்தில் மாமியாருக்கு இரண்டு கிளாஸ் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் குலா மலாக்காவும் உப்பும். "வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது" என்று சிலர் நினைக்கிறார்கள். குலா மலாக்காவும் சர்க்கரைதான், இரத்தத்தில் ஏறும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்! உங்கள் நாற்பது விருந்தாளிகளில் மாமியார் மட்டும்தானா என்று எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு வேண்டுமானால் ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டோங். பெரியவர்களுக்குக் கஸ்தூரி எலுமிச்சையும் அசாம் போயும் போட்ட குளிர்பானம். 2 லிட்டர் தண்ணீருக்குப் பதினைந்து எலுமிச்சை, ஆறு அசாம் போய், 150 கிராம் சீனி போதும். அசாம் போயில் உப்பு அதிகம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாராவது, "மலிவாகக் கிடைத்தது" என்று பெயர் தெரியாத போத்தலைக் கொண்டுவந்தால், அதை வீட்டுக்குள் விடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அந்த நஞ்சை நிறத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்த உடனே ஒன்றும் தெரியாமல், மறுநாள்கூடக் கண் மங்கலாம். வாந்தி, மூச்சுத் திணறல் வரலாம். பிழைத்தாலும் பார்வை போய்விடக்கூடும். அப்படி அறிகுறி கண்டால், "போதை, தூங்கினால் தெளியும்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

சரி, இனி பலகாரத்துக்கு வருவோம்.

அச்சு முறுக்கு

பச்சரிசி மாவு 300 கிராம், கோதுமை மாவு 50 கிராம், முட்டை 3, சீனி 150 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, எள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

சீனி கரையும்வரை முட்டையை அடித்து, பாலும் மாவும் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டுங்கள். எள்ளைப் போட்டு அரைமணி நேரம் வையுங்கள். தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருக்க வேண்டும். அச்சை எண்ணெயிலேயே போட்டு நன்றாகக் காயவிடுங்கள். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் ஒட்டாது. மாவில் முக்கும்போது முக்கால் பங்குதான் முக்க வேண்டும். அச்சின் மேல்புறத்தை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. புது அச்சாக இருந்தால் முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப்போட்டு விடுங்கள். முதல் இரண்டு மூன்று உடைந்துதான் வரும், மனம் தளராதீர்கள்! உடைந்தவை பிள்ளைகளுக்கு.

மது சேர்க்காத பழக் கேக்

கிறிஸ்துமஸ் கேக் என்றால் பிராந்தியில் ஊறிய பழம் என்பது வழக்கம். உங்கள் வீட்டில் அது வேண்டாம். உலர்ந்த பழங்கள் 500 கிராம் வாங்கி, 150 மில்லி திட்டமான கறுப்புத் தேநீரிலும் ஒரு ஆரஞ்சுப் பழச் சாற்றிலும் இரவு முழுதும் ஊறவையுங்கள். மறுநாள் வடித்துக்கொள்ளுங்கள். 250 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் பழுப்புச் சீனியையும் குழைத்து, நான்கு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். 300 கிராம் கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி ஆகியவற்றைச் சலித்துச் சேர்த்து, கடைசியில் பழத்தைக் கிளறுங்கள். 160 பாகைச் சூட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வரவேண்டும்.

மதுவில் ஊறிய கேக் மாதக்கணக்கில் இருக்கும். இது அப்படியல்ல. ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எல்லாருக்கும் அகார் அகார்

சாதாரண ஜெல்லியில் சேரும் ஜெலட்டின், விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது. மாமியாரும் சாப்பிடலாம், மாக்சிக்கும் சாப்பிடலாம். 10 கிராம் தூளை 700 மில்லி தண்ணீரில் பாண்டான் இலையோடு முழுதும் கரையும்வரை கொதிக்கவிட்டு, 300 மில்லி தேங்காய்ப்பாலும் கொஞ்சம் உப்பும் சேர்த்துத் தட்டில் ஊற்றுங்கள். ஒரு சிறு கிண்ணத்தில் மட்டும் சீனியில்லாமல் ஊற்றிவிட்டு, மீதிக்கு 120 கிராம் சீனி கலந்துகொள்ளுங்கள்.

மாக்சிக் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றி இறைச்சியும் மதுவும் இல்லை என்றால் மட்டும் போதாது. கோழியும் ஹலால் கோழியாக இருக்க வேண்டும். பாத்திரத்தைப் பற்றியும் அவர்களுக்குத் தயக்கம் இருக்கலாம். முன்னதாகவே அவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. மாமியாருக்குச் சமைக்கும் சட்டியையும் கரண்டியையும் தனியே வைப்பதுபோலத்தான் இதுவும்.

சீன அண்டை வீட்டுப் பால் கொழுக்கட்டை!

குளிர்காலத் திருநாளில் சீனர்கள் தாங் யுவான் உருண்டை செய்வார்கள். அதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடிவிட்டதாகக் கணக்கு. நம் பால் கொழுக்கட்டைக்கு உறவுக்காரி போலத்தான் இருக்கும். 200 கிராம் புலுட் அரிசி மாவை ஏறக்குறைய 160 மில்லி வெதுவெதுப்பான நீரில், காது மடல் மென்மைக்குப் பிசையுங்கள். பாதி மாவுக்கு ரோஸ் நிறம். சுண்டைக்காய் அளவில் உருட்டிக் கொதிநீரில் போட்டு, மிதந்து வந்ததும் எடுத்துக் குளிர்ந்த நீரில் ஒருமுறை போட்டெடுத்து, இஞ்சியும் பாண்டானும் போட்ட சீனிப்பாகில் சேருங்கள். வாசற்பானை இஞ்சித் தண்ணீர் மிச்சமிருந்தால் அதுவே பாகு! மாவு ஒட்டும் தன்மையுள்ளது. சின்னப் பிள்ளைகளுக்கும் பல் போன பெரியவர்களுக்கும் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து மென்று விழுங்கச் சொல்லுங்கள்.

மறுநாள் சமையல்

மலாக்காவின் போர்த்துகீசிய வம்சாவளி மக்கள், கிறிஸ்துமஸ் மறுநாள் மிஞ்சிய இறைச்சியை வைத்து 'டெபல்' என்ற காரக் குழம்பு வைப்பார்கள். காய்ந்த மிளகாய் 15, சின்ன வெங்காயம் 15, பூண்டு 5 பல், இஞ்சி, லெங்குவாஸ், புவா கெராஸ் 5, மஞ்சள் எல்லாம் அரைத்து, கடுகு தாளித்து, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். உருளைக்கிழங்கு வெந்ததும் மிஞ்சிய கோழியைப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள்.

மிஞ்சியது என்று சொன்னேனே தவிர, மேசையில் நாளெல்லாம் கிடந்ததைச் சொல்லவில்லை. நம் ஊர் வெப்பத்தில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. தேங்காய்ப்பால் குழம்பு இன்னும் சீக்கிரம் கெடும். விருந்தினர் வருவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், அதுதான் மறுநாளுக்கு.

சகோதரி, நாற்பது பேருக்கும் நீங்கள் ஒருவரே வெந்து சாகவேண்டாம். மருமகளை அச்சு முறுக்குக்கு உட்காரவையுங்கள். அவள் தாய் வீட்டுப் பழக்கம், கை தானாக வரும். உங்கள் வீட்டுக்காரரை வாசற்பானைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். வருகிற கூட்டாளிகளுக்கு முதல் கிளாஸை அவர் கையாலேயே கொடுக்கட்டும். நீங்கள் கொடுத்தால் அது மறுப்பு. அவர் கொடுத்தால் அது உபசாரம்.

எதிர் வீட்டு அத்தை இப்போது இல்லை. அந்தத் தோட்டமும் துண்டாடப்பட்டு, லயம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. ஆனால், ஒவ்வொரு டிசம்பரிலும் என் வீட்டு வாசலில் அந்தப் பானை ஏறும். இந்த ஆண்டு உங்கள் வாசலிலும் ஏறட்டும். விருந்து எப்படி நடந்தது என்று மறவாமல் எழுதுங்கள்.

அடுத்த இதழில் பொங்கல் பானையோடு சந்திப்போம்.