சோற்றுக்குப் பின் சொல்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்கள் குழந்தையின் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரையிலான வளர்ச்சியை வரிசைப்படுத்துகின்றன. ஸ்ரீரங்கம் தீவிலுள்ள திருவானைக்காவின் அம்மைக்குத் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அப்படியொன்று பாடியிருக்கிறார். தலையசைப்பு, கைகொட்டல், தளர்நடை என ஒவ்வொன்றையும் உற்று நோக்கிய மரபு நம்முடையது. நம் சட்டமோ ஆறு வயதில்தான் கண் திறக்கிறது. 2002-இன் 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கு முந்தைய பருவத்தை அரசின் முயற்சிக்கு உரியதாக மட்டுமே விட்டுவைத்தது.

சோற்றைப் பொறுத்தவரை நாம் அப்படிக் காத்திருக்கவில்லை. 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளையும் பந்தியில் அமர்த்தியது. வீண்செலவு என்று அன்று எழுந்த குரல் ஏறத்தாழ அடங்கிவிட்டது. கல்விக்கும் அத்தகைய துணிவு வேண்டும் என்பதே நம் கட்சி.

அங்கன்வாடியில் எடை பார்ப்பதும், பதிவேடு எழுதுவதும், பாடம் சொல்வதும் பெரும்பாலும் ஒரே பணியாளரின் தலையில் விழுகின்றன. தமிழ்நாட்டின் 320 மையங்களில் கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வில் பாதி மையங்களுக்கு அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாகத் தரப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டித்தது, மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறினர், ஊட்டக்குறைவும் தணிந்தது. நெடுங்கால நன்மை செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு என்று 2021-இல் அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இது வெறும் கணிப்புதானே என்று கேட்கலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-இல் தொடங்கிய பெர்ரி ஆய்வு, 123 குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தது. முன்பருவப் பள்ளிக்குச் சென்றோரிடம் வருமானம் கூடியிருந்தது. அடிக்கடி கைதானோர் குறைந்திருந்தனர். 123 பேரைக் கொண்டு உலகை அளந்துவிட முடியாதுதான். எனினும் இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

விஜயதசமியன்று ஸ்ரீரங்கத்து வீடுகளில் அரிசியில் 'அ' எழுதும் குழந்தைக்குக் கட்டணப் பள்ளி காத்திருக்கிறது. கூலி வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தைக்கு அங்கன்வாடி ஒன்றே கதி. ஒன்றாம் வகுப்பில் இருவரும் சந்திக்கும்போதே இடைவெளி விழுந்துவிடுகிறது. கல்லூரி வகுப்பறையில் நாம் திருத்த முயல்வது பெரும்பாலும் அந்தப் பழைய இடைவெளியைத்தான்.

மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்கச் சொல்லவில்லை. கதையும் பாட்டும் விளையாட்டும் தாய்மொழியில் கிடைத்தால் போதும். அதற்கென்றே ஒருவரை, நியாயமான ஊதியத்துடன், ஒவ்வோர் அங்கன்வாடியிலும் அமர்த்துவதே அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை.