தீபாவளிக் கவரும் லாபப் பங்கும்



தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது நம் கடைகளில் நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். இரவு கல்லாவைப் பூட்டியபின் முதலாளி உட்கார்ந்து கவர்களை அடுக்குவார். பழைய ஆளுக்கு எவ்வளவு, புது ஆளுக்கு எவ்வளவு, போன வருடம் என்ன கொடுத்தோம், பக்கத்துக் கடையில் என்ன கொடுக்கிறார்கள் என்று மனத்துக்குள்ளேயே கணக்குப் போடுவார். மறுநாள் வேட்டி துண்டு, இனிப்புப் பெட்டியோடு கவரும் கை மாறும். வாங்கியவர் கும்பிட்டுப் போவார். இரு தரப்புக்கும் திருப்தி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எங்கள் மண்டியிலும் முப்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி முடிந்த மறுவாரம், இருபத்திரண்டு வருடம் எங்களிடம் எடை போட்டவர் வந்து நின்றார். ஊருக்கு வெளியே வந்திருக்கும் பெரிய கிட்டங்கி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றார். சம்பளம் எங்களைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை. "எங்களிடம் என்ன குறை கண்டீர்?" என்று கேட்டோம். அவர் சொன்னார்: "கொறை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அங்க என்ன கெடைக்கும்னு மொதல்லயே தெரியுது. இங்க கவரப் பிரிச்சாத்தான் தெரியும்."

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கவரில் வைத்த தொகை குறைவு என்று அவர் சொல்லவில்லை. கணக்கு இல்லை என்றார். காலணாவுக்கும் பேரேட்டில் கணக்கு வைக்கும் நாம், கூட உழைப்பவரின் பங்குக்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை என்பது உறைத்தது.

போனஸ் என்றதும் "அது ஆலைக்காரர்கள் சமாசாரம்" என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். சட்டப்படி அது ஓரளவு சரிதான். 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு என்றுதான் வந்தது. அதில் குறைந்த அளவு முதலில் 4 சதவீதம். பின்னர் 8.33 ஆக உயர்ந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975-ல், மீண்டும் 4 ஆகக் குறைத்தார்கள். 1977-ல் மறுபடியும் 8.33 ஆனது. மேல் வரம்பு 20 சதவீதம். 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே அளவுகள்தான். இந்த 8.33 என்பது புதிர் ஒன்றுமில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம்.

நாலு பேர், எட்டுப் பேர் வைத்திருக்கும் மளிகைக் கடையின் வாசலைச் சட்டம் தொடுவதில்லை. ஆனால் சட்டம் தொடாததாலேயே நியாயமும் தொடாது என்று ஆகிவிடுமா?

பங்கு கொடுப்பது நம் வணிகத்துக்குப் புதிதும் அல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில், மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் ஏஜெண்டுக்குச் சம்பளம் தவிர லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. கடல் கடந்த ஊரில் முதலாளியின் கண் படாத இடத்தில் தொழில் நடந்தது அந்த ஏற்பாட்டின் பலத்தில்தான். நம் கடை அலமாரியில் இருக்கும் லிஜ்ஜத் அப்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய தொழில் அது. அப்பளம் இடும் பெண்களே உறுப்பினர்கள். லாபமும் அவர்களுக்கு, நஷ்டமும் அவர்களுக்கு. அதனால் தொழில் சிறுத்துப் போகவில்லை, நாடு முழுவதும் பரவியது.

கணக்கு இல்லாமல் தயவாகக் கொடுப்பதில் உள்ள ஆபத்துக்கும் பழைய பாடம் உண்டு. அகமதாபாத்தில் 1917-ல் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க ஆலை முதலாளிகள் சம்பளத்துக்கு மேல் ஒரு போனஸ் கொடுத்தார்கள். நோய் தணிந்ததும், 1918 தொடக்கத்தில், நிறுத்தினார்கள். விலைவாசி ஏறிக்கிடந்த நேரம். தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டார்கள். கதவடைப்பும் வேலைநிறுத்தமும் வந்து, காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்து, கடைசியில் நடுவர் தீர்ப்புக்குப் போனது. கொடுப்பவர் தயவு என்று நினைத்தார், வாங்கியவர் உரிமை என்று நினைத்தார். எழுதி வைத்த கணக்கு இல்லாத இடத்தில் இந்த இரண்டும் மோதத்தான் செய்யும்.

இனி, நம் கடைக்கு வருவோம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் எங்கள் மண்டியில் பதினாறு பேர். நாளுக்கு 250 மூட்டை ஏறி இறங்கும். இன்று கம்ப்யூட்டர் பில்லும் எலக்ட்ரானிக் தராசும் வந்தபின் பதினோரு பேர், 400 மூட்டை. அதாவது ஒவ்வோர் ஆளும் பழைய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சரக்கைக் கையாளுகிறார். தராசும் கம்ப்யூட்டரும் எங்கள் முதல், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பழகிக்கொண்டு, கூடுதல் மூட்டையைத் தூக்கியவர்கள் யார்? அந்தக் கூடுதல் ஆதாயத்தில் அவர்களுக்குப் போனது என்ன என்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். விலைவாசிக்கு ஏற்ற சம்பள உயர்வைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அது ஆதாயத்தில் பங்கு ஆகாது.

"நாலு பேர் உள்ள சின்னக் கடையில் ஒரு மாதச் சம்பளம் கட்டுப்படியாகுமா?" என்று சில்லறை வணிகர்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். நாள் வியாபாரம் 30,000 ரூபாய். வருடத்தில் 360 நாள் என்றால் 1,08,00,000. ஆள் நாலு பேர், தலைக்கு மாதம் 12,000. எல்லோருக்கும் ஒரு மாதச் சம்பளம் என்றால் 48,000 ரூபாய். இப்போது சேதாரத்தைப் பாருங்கள். சிந்துவது, வண்டு விழுவது, தேதி கடந்து போவது, எடை கூடுதலாகப் போவது எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைந்தால் வருடத்துக்கு 1,08,000 ரூபாய் மிச்சம். அதை முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி மிச்சம் பிடிக்க முடியாது. பழைய சரக்கை முன்னால் எடுத்து வைப்பதும், கிழிந்த சாக்கைக் கண்டதும் தைப்பதும், தராசுத் தட்டைப் பார்த்துப் போடுவதும் வேலையாள் கையில் இருக்கிறது. அந்த மிச்சத்தில் பாதிகூட அவருக்குப் போகவில்லை என்றால், அவர் ஏன் குனிந்து பொறுக்க வேண்டும்?

இரண்டாவது தடை, "கணக்கைக் காட்டச் சொல்கிறீர்களா?" என்பது. இது பொய்யான பயம் அல்ல. போட்டிக்காரர் இருக்கிறார், பங்காளி இருக்கிறார். அதனால் லாபக் கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ரயில்வேயில் 1979-80 முதல் உற்பத்தியோடு இணைத்த போனஸ்தான் கொடுக்கிறார்கள், இத்தனை நாள் சம்பளம் என்று. அதுபோல, இரு தரப்புக்கும் தெரிந்த ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளலாம். மண்டியில் மூட்டைக் கணக்கு தூக்குகிறவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். சில்லறைக் கடையில் சேதாரத்தை வைக்கலாம்.

மூன்றாவது, "நஷ்ட வருடத்தில் என்ன செய்வது?" 1965 சட்டமே இதற்கு வழி வைத்தது. தேய்மானம், வரி, போட்ட முதலுக்கு உரிய வருமானம் எல்லாவற்றையும் முதலில் கழித்த பிறகுதான் குறைந்த அளவுக்கு மேற்பட்ட பங்குப் பேச்சு. நல்ல வருடத்து மிகுதியையும் கெட்ட வருடத்துக் குறையையும் நாலு ஆண்டு வரை எடுத்துப் போய் ஈடுகட்டிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. முதலாளியை முழுகடித்துவிட்டுப் பங்கு கொடு என்று நாம் சொல்லவில்லை.

எடைக்காரர் போனபின் நாங்கள் செய்த ஏற்பாடு இது. ஏப்ரல் முதல் தேதி புது வருடக் கணக்கு தொடங்கும்போதே இரண்டு வரி எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறோம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் நிச்சயம். அதற்கு மேல், போன வருடத்தைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஐந்து ரூபாய் பொதுவில் சேரும். வருடக் கணக்கு முடிந்ததும், வந்த நாளை வைத்து அதைப் பிரிப்போம். வாங்கிய முன்பணத்தை இதில் பிடிப்பதில்லை, அதற்கு மாதத் தவணை தனி.

முதல் வருடம் மூட்டை கூடியது, தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. அடுத்த வருடம் வியாபாரம் மந்தம், மூட்டை குறைந்தது. மேல்பங்கு இல்லை, ஒரு மாதச் சம்பளம் மட்டும்தான். முணுமுணுப்பு வரும் என்று பயந்தோம், வரவில்லை. கணக்கு அவர்கள் கையிலேயே இருந்தது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். போன ஆடியில்கூட ஒரு பையன் நின்றுவிட்டான். ஆனால் சிந்திய பருப்பைக் கூட்டி அள்ளு என்று யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இப்போது குறைந்திருக்கிறது.

"எங்கள் கடை ஆட்களை நாங்கள் பிள்ளைகளாகத்தான் பார்க்கிறோம், கணக்கு எதற்கு?" என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. அந்தப் பாசத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் நாம் கொடுப்பது பாசம். அது இருக்கட்டும். உழைப்பில் வந்த ஆதாயத்தில் பங்கு என்பது கணக்கு. பாசத்தைக் காட்டிக் கணக்கை மறைக்கலாகாது.

நம் சங்கம் இதை அடுத்த பொதுக்குழுவில் பேச வேண்டும் என்பது எமது வேண்டுகோள். எல்லாக் கடைக்கும் ஒரே அளவு விதிக்க வேண்டாம். குறைந்தது ஒரு மாதச் சம்பளம், அதை வருடத் தொடக்கத்திலேயே எழுதிச் சொல்லிவிடுவது என்ற இரண்டை மட்டும் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டால் போதும்.

படியில் அளக்கும்போது முதல் படியை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று எண்ணுவது நம் பழக்கம். அப்படி வாய்நிறையச் சொல்லி அளந்து போடுகிறவர் நம் வேலையாள்தான். அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாம் எழுதி வைத்தால் நம் கல்லா ஒன்றும் குறைந்துவிடாது.