பார்ட்டிங் லைன் தெரிகிற முதலை

மட்டமான பட்ஜெட்டில் எடுத்த ராட்சத முதலைப் படங்களை, அதுவும் தமிழ் டப்பிங்கில், உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு வேறு வேலை இல்லை என்பார்கள். சென்னைக்கு வெளியே ஒரகடம், வல்லம் தொழிற்பேட்டைப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கு வேலைக்குக் குறைவே இல்லை. செகண்ட் ஷிஃப்ட் முடித்து, நள்ளிரவுக்கு மேல் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். மூடிவைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வரும்வரை ஒரே போனில் நாலு பேர் தலையை நீட்டிப் பார்ப்பது இந்தப் படங்களைத்தான்.

அவர்கள் பார்க்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுங்குவார்சத்திரத்தில் அப்படி ஓர் அறை. அதில் ஒரு பையன் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகம் செய்துகொடுக்கும் கம்பெனியில், இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் நிற்கிறவன். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் பீஸில் மெல்லிசாக ஒரு கோடு விழும். அங்கே பிளாஸ்டிக் பிதுங்கினால் ஃபிளாஷ். பிளேடால் சீவி எடுக்க வேண்டும், மீறினால் ரிஜெக்‌ஷன். எட்டு மணி நேரமும் அவன் கண் தேடுவது அதைத்தான். திரையில் முதலை வாயைப் பிளந்த நேரம் பார்த்து அவன் படத்தை நிறுத்தினான். தாடைக்கு அடியில் விரலை வைத்து, "பார்ட்டிங் லைன் தெரியுதுண்ணா. ரெண்டு பாதியா ஊத்தி ஒட்டியிருக்காங்க" என்றான். குரலில் கேலி துளியும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த வெல்டிங் பையன் எழுந்து உட்கார்ந்து, உள்ளே ஃபிரேம் எந்தப் பைப்பில் அடித்திருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தான். பேசி முடித்துவிட்டுப் படத்தை ஓடவிட்டார்கள். அந்த முதலை மறுபடி தண்ணீரிலிருந்து எழும்பியபோது, கோட்டைக் காட்டிய அதே பையன் காலை இழுத்துக்கொண்டான்.

கம்ப்யூட்டரில் வரைந்த பாம்பு என்றால் இந்த மரியாதை கிடையாது. தரையில் தடம் விழாமல், நிழல் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். பத்து நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். அதைக் கழற்றிப் பார்க்க வழியில்லை.

செய்தது என்று தெரிந்தே பயப்படுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவில் படுகளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே திடலில் துரியோதனனை மண்ணால் குவித்து, பிரம்மாண்டமாக மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். மார்பும் மீசையும் பிதுங்கிய கண்ணும் உருவாவதை ஊரே சுற்றி நின்று பார்க்கும். தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் வைப்பதும் ரகசியமில்லை. ஆனாலும் கூத்தில் பீமன் கட்டுகிறவர் கதையை ஓங்கி அந்தத் தொடையில் அடித்துச் சிவப்பு பீறிடும்போது கூட்டம் நடுங்குகிறது, சிலர் சாமி வந்து ஆடுகிறார்கள். ஸ்பெஷல் எஃபெக்ட் என்ற பேச்சு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் கூத்துக்காரர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள் என்று சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சினிமாவும் கொஞ்சம் முயன்று பார்த்தது. 1989-ல் வேலு பிரபாகரன் ‘நாளைய மனிதன்’ எடுத்தார். செத்தவனை எழுப்பும் மருந்து, எழுந்து வந்து கொல்லும் உடம்பு. அந்த உடம்பு அஜய் ரத்னம். அவருடைய உயரமே அந்தப் படத்துக்குப் பாதி எஃபெக்ட். அடுத்த வருடமே ‘அதிசய மனிதன்’ என்று இரண்டாம் பாகமும் வந்தது. பிறகு பேயும் அம்மனும் திரையை எடுத்துக்கொண்டன. கையால் செய்த மிருகம் ஒன்று தமிழில் நிலைக்காமலே போனது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

ஜப்பான்காரர்களுக்கும் 1954-ல் வசதி இல்லைதான். ‘காட்ஸில்லா’வுக்கு எஃபெக்ட் செய்த எய்ஜி சுபுராயாவுக்கு ‘கிங் காங்’ மாதிரி பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுக்க ஆசை. அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. ஹருவோ நகஜிமா என்ற நடிகரை உடுப்புக்குள் இறக்கினார்கள். முதலில் செய்த உடுப்பு கிட்டத்தட்ட 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு அதிக தூரம் நடக்க முடியவில்லை. இன்னொன்று செய்தார்கள். நகஜிமா 1972 வரை அந்த வேஷத்தைக் கட்டினார். அந்தத் தோலின் சொரசொரப்பு, அணுகுண்டில் வெந்து பிழைத்தவர்களின் தழும்பைப் பார்த்துச் செய்தது.

சென்னையில் ஸ்டூடியோ இருக்கிறது என்பதற்காக இந்த மாதிரிப் படம் அங்கேதான் பிறக்க வேண்டும் என்றில்லை. மகாராஷ்டிராவின் மாலேகான் விசைத்தறி ஊர். தறிக்கு வெள்ளிக்கிழமை லீவு, அன்று சினிமா. அங்கே சைக்கிளை டிராலியாகவும் மாட்டுவண்டியை கிரேனாகவும் வைத்துக்கொண்டு, தறித் தொழிலாளி ஒருவரையே சூப்பர்மேனாக்கிப் படமெடுத்தார்கள். 2008-ல் வந்த ஆவணப்படம் அதைப் பதிவு செய்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை மோல்டிங், வெல்டிங், ரப்பர், பெயின்ட், வயரிங் எல்லாம் தெரிந்த கைகள் எத்தனை! ஒரு மிருகத்தைச் செய்ய வேண்டிய தொழில் அத்தனையும் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது.

இதை அந்த அறையில் சொன்னேன். கிண்டல் செய்வார்கள் என்று நினைக்கவே இல்லை, செய்யவும் இல்லை. ஏரியிலிருந்து வருகிற மாதிரி வைக்கலாம் என்று உடனே முடிவானது. எலும்புக்கு ஸ்கிராப் கடைப் பைப், தோலுக்கு ஃபைபர் மேட்டும் ரெசினும், கண்ணுக்கு பைக் இண்டிகேட்டர் லென்ஸ். வாய் திறந்து மூட என்ன செய்வது என்பதில் மட்டும் சண்டை. ஒருவன் பிரேக் கேபிள் போதும் என்றான், இன்னொருவன் சின்ன சிலிண்டர் வைத்துக் காற்றில் இயக்கலாம் என்றான். உள்ளே யார் போவது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் பெயின்ட் ஷாப் பையனைப் பார்த்தார்கள். தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பில் ஷிஃப்ட் முழுக்க நிற்கிறவன் அவன்தான். அவன், "மூச்சு விட ரெண்டு ஓட்டை வைங்கடா, நான் போறேன்" என்றான்.