வடிவாம்பாள் கெட்டவளா?



'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் பார்க்காதவர் நம் கல்லூரியில் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். தூக்க மாட்டீர்கள் என்று தெரியும். 1968 ஜூலை 27-ல் வந்த படம். அன்றைக்கு நம்மில் பல பேருடைய அப்பாவே பிறக்கவில்லை. ஆனால் டிவியில் போட்டால் போதும், வீட்டில் ரிமோட்டை யாரும் தொட முடியாது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தார். சிவாஜி வாசிப்பதாக நாம் நம்பும் அந்த நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

போன மாதம் ஹாஸ்டலில் ஒரு சின்ன வாக்கெடுப்பு நடத்தினேன். அந்தப் படத்தில் யாரைப் பிடிக்கும்? சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு ஓட்டு அதிகம். அடுத்து சவடால் வைத்தி நாகேஷ், ஜில்ஜில் ரமாமணி மனோரமா. தவில் வித்வான் பாலையாவுக்கு மெக்கானிக்கல் பசங்க மொத்தமாகப் போட்டார்கள், ஏனென்று தெரியவில்லை. சரி, மோகனாவின் அம்மா வடிவாம்பாளை யாருக்காவது பிடிக்குமா என்று கேட்டேன். "யாரு, அந்தக் கிழவியா? பணப்பேய்ப்பா அது!" என்று ஒரே குரலில் பதில்.

நான் அந்தக் கிழவிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஒரே ஒரு ஓட்டு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சி.கே.சரஸ்வதி நடித்த வேஷம் அது. மகளைப் பெரிய ஆட்டக்காரியாக வளர்த்தவள், அவளை வசதியான ஒரு பெரிய மனுஷனிடம் சேர்த்துவிட வேண்டும் என்று படம் முழுக்கத் துடிக்கிறாள். நாதஸ்வரக்காரனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மைனர் வந்தால் முகம் மலர்கிறது. மகாராஜா என்றதும் சொல்லவே வேண்டாம். மோகனாவோ 'அவரைத் தவிர வேறு யாரும் இல்லை' என்று நிற்கிறாள். நாம் எல்லோரும் மோகனா பக்கம். நானும் மோகனா பக்கம்தான். ஒரு பெண்ணின் மனசை ஏலம் போட அம்மாவுக்கும் உரிமை கிடையாது. இதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் கணக்குப் பார்க்காமல் ஒருத்தியைப் பேய் என்று சொல்லலாமா? ஒரு ஆட்டக்காரியின் மேடையை நினைத்துப் பாருங்கள். அவள் ஒருத்தி ஆட, பின்னால் நட்டுவனார், மிருதங்கம், பாட்டு, குழல் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. அத்தனை பேருக்கும் சம்பளம், சாப்பாடு, ரயில் செலவு. நகை, பட்டு, சலங்கை வேறு. வருமானம் வருவது ஒரே ஒருத்தியின் காலில் இருந்து. அந்தக் கால் எத்தனை வருஷம் தாங்கும்? பிராவிடண்ட் ஃபண்டா, பென்ஷனா? மகளுக்கு நாற்பது வயசானால் யார் கூப்பிடுவார்கள் என்று வடிவாம்பாளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வந்த மரபே அதுதான். அவள் பயப்பட்டாள். பயத்தில் தப்பான வழியைப் பிடித்தாள். அவளைப் பேராசைக்காரி என்று முத்திரை குத்திவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது.

இன்னொன்று கவனித்தீர்களா? விற்கிறவள் என்று அம்மாவைத் திட்டுகிறோம், வாங்க வருகிறவனை? மைனர், மகாராஜா, நடுவில் தரகு பார்க்கும் வைத்தி. வைத்தியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறோம். நாகேஷின் திறமை அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் செய்கிற வேலை என்ன என்று சிரிப்பு அடங்கின பிறகாவது யோசிக்கணும் இல்லையா? தரகனுக்குக் கைதட்டல், தாய்க்குச் சாபம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

சினிமாவை விட்டுவிட்டு நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். திருவரங்குளத்தில் இருந்து பஸ் ஏறினால் புதுக்கோட்டை எவ்வளவு நேரம்? அந்தப் புதுக்கோட்டையில் 1886-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். ஆடும் மரபில் பிறந்த அந்த மகள் ஆடப் போகவில்லை. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்குள் முதல் மாணவியாக நுழைந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். பிறகு சென்னை மாகாண சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால் உங்களுக்குத் தெரியும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, ஔவை இல்லம் எல்லாம் அவர் எழுப்பியவை. (ஜெமினி கணேசனுக்கு அத்தை என்றால் இன்னும் நன்றாகத் தெரியும்!)

கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் சட்டமன்றத்தில் போராடினார். கோயில் சேவைக்கு ஈடாக அந்தப் பெண்களுக்கு மானிய நிலம் இருந்தது. சேவையை விட்டால் நிலமும் போய்விடும், அதுதான் கழுத்தில் கயிறு. 1929-ல் வந்த சட்டத்திருத்தம் அந்த நிலத்தைச் சேவையில் இருந்து விடுவித்தது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி இறந்தது 1968 ஜூலை 22. 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்தது ஜூலை 27. நடுவில் ஐந்தே நாள்! வடிவாம்பாளின் பயத்துக்குச் சட்டத்தில் பதில் தேடிய மனுஷி கண்ணை மூடின அதே வாரத்தில், வடிவாம்பாளைத் திரையில் பார்த்து ஊரே திட்ட ஆரம்பித்தது. இதைத் தேதி போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் சட்டம் பொட்டைத்தான் அவிழ்த்தது. ஆட்டம் என்ன ஆச்சு? 1931-ல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் இரண்டு சகோதரிகள் ஆடினார்கள். ராஜலட்சுமி, ஜீவரத்தினம். அவர்களை எல்லோரும் குறிப்பிட்டது எப்படித் தெரியுமா? 'கல்யாணியின் மகள்கள்' என்று. அம்மா பெயர்தான் விலாசம். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் இனிஷியலை நினைத்துப் பாருங்கள். எம் என்றால் மதுரை, எஸ் என்றால் சண்முகவடிவு. வீணை வாசித்த அம்மாவின் பெயர். நாம் எல்லோரும் அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தூக்கிக்கொண்டு திரியும் ஊரில், இந்தக் கலைக் குடும்பங்களில் தாய் பெயர் முன்னால் நின்றது. அந்த மேடைக்குப் பிறகு சில வருஷங்களிலேயே சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. வேறு வீட்டுப் பெண்கள் கற்க வந்தார்கள். அடவு அதேதான், ஜதி அதேதான். ஆனால் கல்யாணிகளின் வீட்டுப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேடையை விட்டு இறங்கினார்கள். அவர்கள் ஆடினால் கேவலம், மற்றவர்கள் ஆடினால் கலை. இது எந்த ஊர் நியாயம்?

இறங்காமல் நின்றவர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. மகள் ஆட, அம்மா ஜெயம்மாள் பாட, அப்படி ஒரு ஜோடி. 1973-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது, ஆட்டக்காரர்களில் முதல் ஆளாக அவருக்குத்தான். சத்யஜித் ரே 1976-ல் 'பாலா' என்று அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். கடற்கரையில், காற்றில் சேலை பறக்க அவர் ஆடுவது அதில் இருக்கிறது. மோகனாம்பாள் படத்து ஜொலிப்பு எதுவும் கிடையாது. வயசான ஒரு அம்மா கடலுக்கு முன்னால் ஆடுகிறார், அவ்வளவுதான். பிறகு அவருடைய மகள் லட்சுமியும் ஆடினார், இப்போது பேரன் அனிருத்தா ஆடுகிறார். அம்மாவும் பெண்ணும் சேர்ந்தே ஒரு கலையைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு நிஜத்தில் இதைவிட என்ன சாட்சி வேணும்? இதை யாராவது கதைப்படமாக எடுத்திருக்கலாம். நம் சினிமாவுக்கு ஏனோ அம்மா என்றால் ஒன்று தெய்வம், இல்லாவிட்டால் வில்லி.

'சலங்கை ஒலி'யில் கமலின் அம்மா தெய்வம் ரகம். சமையல் வேலை பார்க்கும் ஏழைத்தாய், மகன் பெரிய மேடை ஏறும் முன்பே செத்துப் போகிறாள். 2018-ல் வந்த 'லக்ஷ்மி'யில் ஆட்டம் என்றாலே பிடிக்காத அம்மா, அம்மாவுக்குத் தெரியாமல் ஆடப் போகும் மகள், சொல்லிக்கொடுக்கப் பிரபுதேவா. குழந்தை தித்யா பிரமாதமாக ஆடினாள். ஆனால் அம்மாவின் கோபத்துக்குக் காரணம் பழைய காதல் என்று முடித்துவிட்டார்கள். காதலைத் தவிர அம்மாக்களுக்குக் கவலையே கிடையாதா?

நமக்கு மோகனாம்பாளை விடப் பக்கத்துச் சொந்தம் 'கரகாட்டக்காரன்'. 1989, கங்கை அமரன். வாழைப்பழத்தை மறந்துவிட்டுப் பாருங்கள். மேடை ஏறும் மகள் கனகா, அவளுக்குப் பின்னால் அப்பா சண்முகசுந்தரம். நம் பக்கத்துத் திருவிழாவில் இன்றைக்கும் கரகம் உண்டு. பெரிய செம்பில் அரிசியோ மண்ணோ நிரப்பி, கனத்தை அடியில் நிறுத்தி, தலையில் வைத்துக் கை படாமல் ஆடணும். நாதஸ்வரம், தவில், பம்பை அடிக்கிற வேகத்துக்கு உடம்பு சுழலும், கழுத்து மட்டும் அசையாது. புவியீர்ப்பு மையம் பற்றி நமக்கு அப்ளைடு மெக்கானிக்ஸில் இரண்டு மார்க் கேள்வி. அந்த அக்காவுக்கு விடிய விடிய பிராக்டிகல்.

இப்போது சொல்ல வந்த விஷயத்தைச் சொல்கிறேன். என்னோடு படிக்கிற ஒரு நண்பன், பெயர் வேண்டாம். அவனுடைய அம்மா கரகம் ஆடியவர். கால் வலி வந்து சில வருஷங்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். முதல் வருஷம் பாரம் நிரப்பும்போது 'பெற்றோர் தொழில்' என்ற கட்டத்தில் அவன் 'விவசாயக் கூலி' என்று எழுதினான். பக்கத்தில் இருந்து பார்த்தேன், கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு நாள் ராத்திரி அவனே சொன்னான். "எங்கம்மா ஆடி சேர்த்த காசுலதான்டா நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன். அம்மாவே சொல்லுச்சு, தம்பி, ஆடுனதை எங்கயும் எழுதாதப்பா, பசங்க கேலி பண்ணுவாங்கன்னு."

அந்த அம்மாவும் வடிவாம்பாள்தான். ஒருத்தி மகளை ஆட்டத்துக்கு உள்ளேயே வைத்துக் காப்பாற்றப் பார்த்தாள். இன்னொருத்தி மகனை ஆட்டத்தின் நிழல் கூடப் படாமல் காப்பாற்றப் பார்க்கிறாள். இரண்டுக்கும் பயம் ஒன்றுதான். அந்தப் பயத்தை உண்டாக்குவது யார்? நையாண்டி மேளம் கேட்டதும் விசில் அடித்து, ஆடுகிற அக்காவைப் பார்த்துக் கண்டதையும் கத்துகிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் நம்ம ஆட்களும் இருக்கிறார்கள் நண்பர்களே, போன திருவிழாவில் நானே பார்த்தேன். கோபப்பட வேண்டாம்.

என் வீட்டுக் கதையும் அதிக வித்தியாசம் இல்லை. அப்பா கொத்தனார். "இந்தக் கரண்டி என்னோட போகட்டும்பா" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார். நான் எடுத்ததோ சிவில்! அப்பா முப்பது வருஷமாகத் தூக்குக்குண்டு பிடித்துக் கட்டின அதே சுவரைத்தான் நான் சர்வே ஷீட்டில் வரைகிறேன். அவர் செய்தால் கூலி வேலை, நான் செய்தால் டெக்னிக்கல். சதிருக்கும் பரதநாட்டியத்துக்கும் நடந்தது என்ன என்று எனக்குப் புத்தகம் படிக்காமலே புரிகிறது. ஆனால் அப்பா தொழில் என்ற கட்டத்தில் நான் கொத்தனார் என்று எழுதினேன், என்னை யாரும் கேலி செய்யவில்லை. என் நண்பனால் அப்படி எழுத முடியவில்லை.

புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில், பரதநாட்டியம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். எத்தனை வருஷம் தெரியுமா? மூணு வருஷம், நம்ம டிப்ளமோ மாதிரியே. அங்கே படித்துவிட்டு வருகிறவனும் நாமும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம். ஒருத்தரை ஒருத்தர் விசாரித்தது உண்டா?

படம் கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மோகனா ஆடினாளா? இத்தனை வருஷமாக டிவியில் ஓடுகிற படத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. வடிவாம்பாள் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். 'கல்யாணம் சரிடி, நாளைக்கு நட்டுவனாருக்கு யார் சோறு போடறது?' என்று.

கடைசியாக, மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கல்லூரி தினத்துக்கும் ஸ்பீக்கர் செட் வைத்து ரெக்கார்டு டான்ஸ் ஆடுகிறோம். இந்தத் தடவை ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, நம் பக்கத்துக் கரகாட்டக் குழு ஒன்றைக் கூப்பிடலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு, பிரின்சிபால் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது. நோட்டீஸில் 'குழுவினர்' என்று மொத்தமாகப் போடாமல் ஆடுகிறவர், வாசிக்கிறவர் ஒவ்வொருவர் பெயரையும் அச்சடிக்கணும். பேசின தொகையை அவர்கள் மேடையை விட்டு இறங்கின உடனே கையில் கொடுக்கணும், 'அடுத்த வாரம் வாங்க' என்று இழுக்கக் கூடாது. முன் வரிசையில் ஒரு நாற்காலி என் நண்பனுடைய அம்மாவுக்கு. அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.